ஞாயிறு சாயங்காலம் அப்பா எங்கே போனார்

சே. ம. சூ.

பொன்மலைப்பட்டி
30.8.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீயும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாய்தான் கட்டுக்குள் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த மைசூர்பாகில் இரண்டு துண்டு எனக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கிறது. நேற்று வேளாங்கண்ணியில் கொடி ஏறிவிட்டது. தஞ்சாவூர் ரோட்டில் காவி கட்டிய கூட்டம் ராத்திரியெல்லாம் நடக்கிறது.

உச்சியில் போட்டிருக்கும் மூன்று எழுத்தைப் பார்த்துச் சிரிப்பாய். சேசு மரி சூசை போடாமல் அப்பா ஒரு மளிகைச் சீட்டுகூட எழுதியதில்லை. எனக்கும் கை தானாகப் போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் முதலாண்டு நினைவு அட்டைக்கு நாலு வரி எழுதி அனுப்பு என்று கேட்டதற்கு, "அவரு ஊருக்கு அப்பாக்கா. நமக்கு ராத்திரி படுக்க வர்ற மனுஷன். நான் என்னத்த எழுத?" என்றாய். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் சண்டை போட எனக்கு வராது. வாத்தியாரம்மா இல்லையா, பேப்பரும் பேனாவும் இருந்தால்தான் எனக்குப் பேச்சே வரும்.

நீ சொன்னதில் பாதி சரி. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நமக்கு அப்பா கிடையாது. காலையில் பூசை, அப்புறம் சந்தை, மத்தியானம் கறிக்குழம்பு, ஒரு குட்டித் தூக்கம். ஐந்து மணி ஆனால் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். குவார்ட்டர்ஸில் மற்ற பிள்ளைகளெல்லாம் அப்பாவோடு ஜி கார்னர் மைதானத்துக்குப் போகும். நாம் இருவரும் வாசல்படியில் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் நீ சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நடந்தே போனார். அந்த நடை உன்னைச் சுட்டிருக்கும்.

அங்கே போய் அப்படி என்னதான் செய்தார்கள் என்று எனக்கும் பெரியவளான பிறகுதான் தெரியும். பத்துப் பன்னிரண்டு ஆம்பளைகள். எல்லாம் அப்பாவைப் போல ரயில்வே ஒர்க் ஷாப், லோகோ ஷெட் ஆட்கள், இரண்டொரு வாத்தியார்கள். ஜெபம் சொல்லி, போன வார நடவடிக்கைக் குறிப்பை வாசித்து, யார் எந்த வீட்டுக்குப் போனார்கள், அங்கே என்ன நிலவரம் என்று சொல்வார்கள். கடைசியில் ஒரு துணிப் பை சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டு, விரித்த கையை எடுக்க வேண்டும். யார் பத்து ரூபாய் போட்டார், யார் வெறுங்கையை விட்டார் என்பது பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. பிறகு இருவர் இருவராக வீடுகளுக்குக் கிளம்புவார்கள். அப்பாவுக்கு ஜோடி ஓர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. அந்தக் கார்டு மாமா இன்னும் இருக்கிறார், கண் சரியாகத் தெரிவதில்லை.

போன வீட்டுப் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் ஒழுங்கு. அம்மா எத்தனை முறை கிண்டிக் கேட்டிருப்பாள்! "சொன்னா அடுத்த வாரம் நீ சந்தையில அந்தம்மாவைப் பாக்கற பார்வை மாறும்" என்பார். அம்மாவுக்கு அது சுருக்கென்று தைக்கும். ஆனால் உண்மைதான். அம்மாவின் பார்வை மாறத்தான் செய்யும்.

இனி 1977. உன் கணக்குப் புத்தகத்தில் அதுதான் பெரிய பற்று என்று எனக்குத் தெரியும். நவம்பர் வெள்ளத்தில் உறையூர், தென்னூர் பக்கமெல்லாம் தண்ணீரில் கிடந்தபோது, ஒரு வயசுப் பிள்ளை உனக்கு ஜுரம் அடித்துக்கொண்டிருக்க, அப்பா சபைக்காரர்களோடு போய்விட்டார். அம்மா இந்தக் கதையை உன் கல்யாணத்தில்கூடச் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னாள். அம்மா சொல்லாமல் விடும் பகுதியை நான் சொல்கிறேன். எனக்கு அப்போது ஏழு வயசு, பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்புவதற்கு முன் உன்னைத் தூக்கிக்கொண்டு ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போய், மருந்து வாங்கி, எதிர் வீட்டு அக்காவை ராத்திரி நம் வீட்டில் படுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். "பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். அங்க கூரை மேல உக்காந்திருக்கான்" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது தொடை வரை சேறு. கிணற்றடியிலேயே குளித்துவிட்டு வந்து, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடியக் கூடத்தில் நடந்தார். அம்மா சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு என் வழியாகத்தான் போய் வந்தது.

போனது சரியா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் பிள்ளைக்கு அப்படி ஜுரம் அடித்திருந்தால் என் வீட்டுக்காரரை நான் வாசல்படி தாண்ட விட்டிருக்க மாட்டேன். அம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அப்பாவின் சேவைக்கு விலை கொடுத்தது பெரும்பாலும் அம்மாதான். அதை எந்த நினைவு அட்டையிலும் யாரும் போடுவதில்லை. "ஊருக்கெல்லாம் விளக்கேத்துவாரு, நம்ம வீட்டுத் திரியைத் தூண்ட ஆளிருக்காது" என்று அவள் சொல்வதை ஒரேயடியாகப் புலம்பல் என்று தள்ள என்னால் முடியவில்லை.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அப்பா இருக்கும்வரை சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். போன மாதம்தான் அம்மா வாயைத் திறந்தாள்.

1974 ரயில்வே ஸ்டிரைக். மே 8 முதல் 27 வரை நாடு முழுக்க வண்டி நின்றது, ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நடந்தது என்றெல்லாம் நீ படித்திருப்பாய். நீ அப்போது பிறக்கவில்லை, நான் நாலு வயசுக் குழந்தை. ஆயிரக்கணக்கில் கைது செய்தார்கள். அப்பா பிடிபடாமல் மணப்பாறைப் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்தில் இருந்திருக்கிறார். சம்பளம் இல்லை. அம்மாவின் வளையல் முதலில் போயிற்று, அப்புறம் தாலிக்கொடி அடகுக்குப் போய் மஞ்சள் கயிறு கழுத்துக்கு வந்தது. கடையில் கடன் நின்றுபோனது. அப்படி ஒருநாள் பொழுது சாய்ந்த நேரத்தில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். வாசலில் நின்று நீட்டிவிட்டுப் போகவில்லை. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, என்னை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்கள். போன பிறகு பார்த்தால் கதவுக்குப் பின்னால் அரிசிப் பை. அடுத்த வாரமும் வந்தார்கள். ஸ்டிரைக் முடிந்து அப்பா வீடு வந்ததும் அம்மா சொன்னாளாம். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவர் ரோஷம் உனக்குத் தெரியுமே. கொஞ்ச நாள் கழித்து, "அவங்க தரையில உக்காந்தாங்களா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். "ஆமா" என்றாளாம். அந்த வருஷக் கடைசியில் சபையில் சேர்ந்துவிட்டார்.

இதுதான் முழுக் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாத மனுஷன் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலி போட்டால் உட்கார மாட்டார், தரையில்தான் உட்காருவார், ஒரு வாய் தண்ணீராவது கேட்டுக் குடிப்பார் என்று கார்டு மாமா சொன்னபோது எனக்குப் புரிந்தது.

சபையை ஆரம்பித்த பிரடெரிக் ஓசானாம் படம் நம் கூடத்தில் சூசையப்பருக்குக் கீழே மாட்டியிருந்ததே, யாரோ தாடிக்காரச் சாமியார் என்று நீ ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாய். அவர் சாமியாரே இல்லை. 1833-இல் பாரிசில் இருபது வயசுக் கல்லூரி மாணவராக இருந்தபோது நாலைந்து கூட்டாளிகளோடு தொடங்கினார். பிறகு பேராசிரியர், கல்யாணம், ஒரே பெண் குழந்தை, நாற்பது வயசில் சாவு. 1997-இல் போப் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது அப்பா கமர்கட் வாங்கித் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார். "பொண்டாட்டி பிள்ளையோட ஒருத்தர் பீடத்துக்குப் போறாரு பாரு" என்று அப்படி ஒரு சந்தோஷம்.

ஓசானாம் மாசாமாசம் கல்யாணத் தேதியில் மனைவிக்குப் பூச்செண்டு கொடுப்பார் என்று ஏதோ புத்தகத்தில் வாசித்துவிட்டு அதை அம்மாவிடமே வந்து சொன்னார். அம்மா விடுவாளா? "உங்க ஓசானாம் நல்லாத்தான் செஞ்சிருக்காரு. நீங்க அவரு சபையில பாதியைத்தான் கத்துக்கிட்டீங்க" என்றாள். அடுத்த மாதத்திலிருந்து 12-ஆம் தேதி வந்தால் இரண்டு முழம் மல்லிகைப்பூ. விலை ஏறிய மார்கழியில் ஒரு முழம். அது எவ்வளவு காலம் நடந்தது என்று அம்மாவைக் கேட்டுப்பார். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே என்னிடம் தேதி கேட்டு வாங்கி வரச் சொன்னார்.

உனக்கு என்ன கொடுத்தார் என்று கேட்பாய். சொல்கிறேன், இரு.

ஆயுத பூசைக்குக் குடும்பத்தை ஒர்க் ஷாப்புக்குள் விடுவார்களே, நீ பொரி தின்றுகொண்டு ஓடினாய்; நான் அப்பாவின் இடத்தில் நின்றேன். அரம், ஸ்கிரேப்பர், காலிப்பர் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் பேரிங் எப்படிச் சீவுவது என்று காட்டினார். அச்சில் நீல மையை மெலிசாகத் தடவ வேண்டும். பேரிங்கை அதன்மேல் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால், மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அதை ஸ்கிரேப்பரால் லேசாகச் சீவி, துடைத்து, திரும்பவும் மை, திரும்பவும் சுற்று. நீலம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும்வரை இதுதான் வேலை. அரை நாளும் ஆகும். "கொஞ்சம் மேடு இருந்தா என்னப்பா?" என்றேன். "அங்க மட்டும் சூடேறும். உருகி ஓடிரும். நடுக்காட்டுல வண்டி நிக்கும்" என்றார். யாரையும் பாராட்டத் தெரியாத அவர் சுபாவம் இங்கிருந்துதான் வந்தது என்பது என் அபிப்பிராயம். அவர் கண்ணுக்கு எதிலும் மேடுதான் முதலில் தெரியும்.

1993-இல் நீ துவாக்குடி ஆர்.இ.சி.யில் மெக்கானிக்கல் சேர்ந்தாய். அந்த ஹாஸ்டல் பீஸுக்கு அப்பா பி.எப். லோன் போட்டதும், கிடைத்த ஓ.டி.யையெல்லாம் பார்த்ததும் உனக்கே தெரியும். முதல் வருஷ பிட்டிங் கிளாஸில் நீ அரம் போட்டுச் செய்த இரும்புத் துண்டை, ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற ஜோடி, வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினாய். அப்பா வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் வருது" என்று ஒரே சொல் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். நீ அன்றைக்கு ராத்திரியே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய்.

அந்தத் துண்டு எங்கே இருக்கிறது தெரியுமா? டிவி ஸ்டாண்டில் கரண்டு பில், கேஸ் பில் எல்லாம் பறக்காமல் அழுத்திக்கொண்டு இருக்கிறதே, அதுதான். நீ லீவுக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறாய், அடையாளம் தெரியவில்லை. அம்மா பழைய இரும்புக்காரனுக்குப் போடப் பார்த்தபோது சண்டை வந்திருக்கிறது. மழைக்காலம் வந்தால் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவித் துடைத்து வைப்பார். அந்த வெளிச்சம் வருகிற இடத்தை அவர் நினைத்திருந்தால் ஒரு சாயங்காலத்தில் சரி பண்ணியிருக்கலாம். கை அரிக்கவும் செய்திருக்கும். பண்ணவில்லை. இன்றைக்கும் ஜன்னலில் பிடித்தால் வெளிச்சம் வருகிறது. நேற்றுகூடப் பார்த்தேன்.

ஊட்டிப் பயணத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பாஸ் போட்டு மேட்டுப்பாளையம் போய் மலை ரயில் ஏறினோம். நமக்கெல்லாம் யானை தெரியுமா, அருவி தெரியுமா என்று இருந்தது. அப்பாவுக்கு மலை கண்ணில் படவே இல்லை. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும் இன்ஜின் பொன்மலையில் ஓவர்ஹால் முடிந்து போனது. "கல்லாறு வரைக்கும் ரெண்டு சிலிண்டர் போதும். பல்சட்டம் வந்ததும் நாலும் சேந்து இழுக்கும், சத்தம் மாறும் பாரு" என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றதும் இறங்கி ஓடி, டிரைவரிடம் என்னவோ பேசி, சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து கையை வைத்துப் பார்த்தார். நீ வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பி வந்தவர் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. "சூடு இல்ல" என்றார். நமக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை ஜனம் மேலே ஏறுகிறது, தன் கை பட்ட இடம் சூடேறவில்லை.

அவர் பக்தியைப் பற்றி நீ கேலியாகப் பேசுவாய். முழங்கால் போட்டே முட்டி தேய்ந்தது என்பாய். முட்டி தேய்ந்தது வேலையில். மே 1 அன்று அவர் பட்ட பாட்டை நினைத்துப்பார். காலையில் யூனியன் கொடியேற்றம், அதே நாள் தொழிலாளர் சூசையப்பர் திருநாள். 1955-இல்தான் போப் மே தினத்தில் அந்தத் திருநாளை வைத்தார் என்று சொல்லி, "எனக்காகவே வச்ச மாதிரி இருக்கு" என்பார். இங்கே சிலருக்கு அவர் கோயில்காரர், அங்கே சிலருக்கு அவர் கொடிக்காரர். இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் சந்தேகமாகவே பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. தாத்தா 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து ஒர்க் ஷாப்போடு சேர்ந்து பொன்மலைக்கு வந்தவர். 1946 செப்டம்பர் 5 அன்று போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளிகள் செத்தபோது உயிரோடு வீடு திரும்பியவர். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் செபமாலையும் சங்கச் சந்தா ரசீதும் ஒரே சட்டைப்பையில் இருந்ததில் என்ன ஆச்சரியம்? செப்டம்பர் 5 வந்தால் சங்கத்திடலில் நின்றுவிட்டு, சாயங்காலம் அந்த ஐந்து பேருக்கும் பூசை ஒப்புக்கொடுப்பார். வரும் வெள்ளிக்கிழமை நான் போகலாம் என்று இருக்கிறேன்.

2002-இல் அப்பா ரிட்டயர் ஆன பிறகு நீ ஊரில் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி இந்த வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் ஒரு மேஜை போட்டார். இறந்துபோன ரயில்வேக்காரர்களின் மனைவிமார் ஒவ்வொருத்தராக வருவார்கள். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம் குடும்ப ஓய்வூதியம் என்பது சட்டம். ஆனால் ஓய்வூதியப் புத்தகத்தில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்து என்றால் அந்த 30 சதவீதம் வந்து சேராது. அப்பா ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து மனு எழுதி, கூடவே போய்க் கவுண்டரில் நிற்பார். ஒரு கிழவிக்காக ஏதோ ஓர் அலுவலகத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தார். அங்கே ஒரு குமாஸ்தா எரிந்து விழுந்ததற்கு, "தம்பி, நான் நாப்பது வருஷம் பேரிங் சீவினவன். எனக்கு அவசரமே கிடையாது" என்றாராம். பணம் வந்தது, பாக்கியோடு. நவம்பர் வந்தால் உயிர்ச் சான்றிதழுக்குப் பேங்க் வாசலில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கும். போன நவம்பரில் அவர் இல்லை. இரண்டு பேர் வீடு தேடி வந்து, விஷயம் தெரியாமல் "ஐயா இருக்காரா?" என்று கேட்டார்கள். அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அந்தப் பாரத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் உன் மனசை மாற்ற எழுதவில்லை. உன் ஞாயிற்றுக்கிழமைகள் போனது போனதுதான், அதை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் "நமக்கு ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லாதே.

நினைவு அட்டைக்கு அச்சகத்துக்காரர் ஒரு மாதிரி அனுப்பியிருக்கிறார். 'தியாகச் சுடர்', 'அன்பின் சிகரம்' என்று எல்லா வீட்டுக்கும் போடுகிற சரக்கு. அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெயருக்குக் கீழே 'பிட்டர், பொன்மலை ஒர்க் ஷாப், 1960–2002' என்று போடச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு அது போதவில்லை, 'ஓய்வு' என்று சேர்க்கச் சொல்கிறாள். அவர் எங்கே ஓய்ந்தார் என்று நான் கேட்டேன், அதற்கும் சண்டை. பின்பக்கம் உனக்கு விட்டிருக்கிறது. கோபத்தை எழுதினாலும் சரி, டயரில் காற்றைப் பிடுங்கினதை எழுதினாலும் சரி. செப்டம்பர் 15-க்குள் வேண்டும்.

நினைவுப் பூசை சாயங்காலம் ஆறு மணிக்கு. டிக்கெட் போட்டுவிட்டாயா? போட்டால் இரண்டு நாள் முன்னதாகவே வா. கார்டு மாமா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், ஏதோ சொல்ல இருக்கிறதாம். என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார். அம்மாவுக்குச் சாக்லேட் வேண்டாம், பாதாம் வாங்கி வா. பேரீச்சம்பழம் கண்டிப்பாக வேண்டாம்.

அன்புடன்,
அக்கா